கூட்டத்தொடரில் எம்.எல்.ஏ. என்ன செய்கிறார்? அது தொகுதிக்கு எப்படி வந்து சேர்கிறது?

பேரவை கூடும் நாட்களில் தொகுதிகளில் இரண்டு குறைகள் சேர்ந்தே எழுகின்றன. “மனு கொடுக்கப் போனால் எம்.எல்.ஏ. சென்னையில் இருக்கிறார் என்கிறார்கள்” என்பது ஒன்று. “சென்னையில் என்னதான் செய்கிறார்? மேசையைத் தட்டுவதும் வெளிநடப்பும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லையே” என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு என்று எங்கும் தலைகாட்டுகிறவரே நல்ல எம்.எல்.ஏ. என்ற கணக்கு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பேரவைக்குள் அவர் செய்ய வேண்டிய வேலையைப் பற்றித் தொகுதியில் யாரும் விசாரிப்பதில்லை. பெரும்பாலான உறுப்பினர்களும் வந்து சொல்வதில்லை. ஆனால் பாலம், மருத்துவமனை, கல்லூரி, துணை மின் நிலையம் போன்ற பெரிய கோரிக்கைகள் நிறைவேறும் பாதை கூட்டத்தொடரின் ஊடாகத்தான் செல்கிறது. அந்தப் பாதை தெரிந்தால், மனுவை எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

அவருக்கு இல்லாத அதிகாரம்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். எம்.எல்.ஏ. நிர்வாகி அல்லர். அவரால் அரசாணை பிறப்பிக்க முடியாது. ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது. ஓர் அலுவலரை இடமாற்றம் செய்யவும் சட்டப்படி முடியாது. நிர்வாக அதிகாரம் அமைச்சரவைக்கு உரியது. 2003ஆம் ஆண்டின் 91ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின், முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சர்களின் எண்ணிக்கை பேரவையின் மொத்த உறுப்பினர்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் 234 இடங்கள் என்பதால் 35 பேர்தான் அமைச்சர்களாக முடியும். மீதியுள்ள ஏறத்தாழ 200 பேரும், ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், கேட்டுப் பெறும் இடத்தில் இருப்பவர்களே.

அடுத்து, எந்த வேலை யாருடையது என்பது. தெருவிளக்கு, குப்பை, தெருச் சாலை ஆகியவை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளின் பொறுப்பு. தேசிய நெடுஞ்சாலையும் ரயில்வே மேம்பாலத்தின் ரயில்வே பகுதியும் ஒன்றிய அரசைச் சேர்ந்தவை. இவற்றுக்கு நடுவே இருக்கும் மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள், அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, பாசனம், மின்சாரம், காவல் ஆகியவை மாநிலத் துறைகளின் நேரடிப் பொறுப்பு; பேரவையில் கேள்வி கேட்டு அமைச்சரிடம் பதில் வாங்கக்கூடியவை. தெருவிளக்கு எரியவில்லை என்று எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பதில் தவறில்லை. அவரும் அந்த மனுவைப் பெரும்பாலும் நகராட்சிக்குத்தான் அனுப்பிவைப்பார் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும்.

அவருக்கு உள்ள அதிகாரம்

1. கேட்பது. எந்தத் துறை அமைச்சரிடமும் வினா எழுப்பி, பதிலை அவைக்குறிப்பில் பதியவைக்கலாம்.

2. பணத்துக்கு ஒப்புதல் தருவது. துறைகளின் செலவுக்குப் பணம் கேட்டு அரசு பேரவை முன் வைப்பவை மானியக் கோரிக்கைகள். பேரவை வாக்களிக்காமல் அவற்றின் கீழ் அரசு செலவழிக்க முடியாது. அரசியலமைப்பின் 203ஆவது பிரிவின்படி, ஒரு கோரிக்கையைப் பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்ட முடியாது. இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

3. சட்டம் இயற்றுவது. சட்டமுன்வடிவின் (மசோதாவின்) மீது பேசலாம், திருத்தம் கொடுக்கலாம், வாக்களிக்கலாம்.

4. கண்காணிப்பது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு போன்றவற்றின் வழியாக அரசின் செயல்பாட்டை ஆராயலாம்.

இவற்றைச் செய்வதற்காகவே 194ஆவது பிரிவு உறுப்பினருக்கு ஒரு பெரிய பாதுகாப்பைத் தந்திருக்கிறது. அவையில் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ அவர் மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. பேசுவதற்கோ வாக்களிப்பதற்கோ லஞ்சம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச்சில் தெளிவாக்கிவிட்டது.

கூட்டத்தொடர் என்றால் என்ன?

பேரவையைக் கூட்டுபவர் ஆளுநர். அமைச்சரவையின் ஆலோசனைப்படி அதைச் செய்கிறார். அப்படிக் கூட்டியதிலிருந்து முடித்துவைக்கும் வரையிலான காலம் கூட்டத்தொடர். அதற்குள் அவை உண்மையாகவே கூடும் ஒவ்வொரு நாளும் ஓர் அமர்வு. ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’ என்று செய்தியில் வருவது பேரவைத் தலைவர் செய்வது. அதனால் கூட்டத்தொடர் முடிந்துவிட்டதாகாது. முடித்துவைப்பது ஆளுநர் ஆணையால் நடக்கும். நிலுவையில் உள்ள சட்டமுன்வடிவு அதனால் காலாவதியாகாது. பேரவை கலைக்கப்பட்டால்தான் காலாவதியாகும்.

அவை நடக்கக் குறைந்தது பத்து உறுப்பினர்கள், அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அத்தனை பேர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது 24 பேர். அனுமதி பெறாமல் 60 நாட்கள் வராத உறுப்பினரின் இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம்.

அவையில் ஒரு நாள்

கோட்டையில் உள்ள பேரவை மண்டபத்தில், பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளைப் பொருளோடு வாசித்த பின் அன்றைய அலுவல் தொடங்கும். முதலில் வினாக்கள். அதன்பின் உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்புவார்கள். ஒரு குறிப்பிட்ட பொதுப் பிரச்சினைக்கு அமைச்சரிடம் விளக்கம் பெறுவது கவன ஈர்ப்புத் தீர்மானம். மற்ற அலுவல்களை எல்லாம் நிறுத்திவிட்டு இதைப் பேசியாக வேண்டும் என்று கேட்பது ஒத்திவைப்புத் தீர்மானம். அதற்கு அனுமதி கிடைப்பது அரிது. பிறகு சட்டமுன்வடிவுகளும் மானியக் கோரிக்கைகளும். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கூச்சலும் வெளிநடப்பும் பெரும்பாலும் வினா நேரம் முடிந்த பிறகு, அவசரப் பிரச்சினைக்கு அனுமதி கேட்டு எழும் வாக்குவாதத்தில் நடப்பவை. அதற்கு முன் ஓசையில்லாமல் நடந்து முடிந்த வினா நேரத்தில்தான் தொகுதிக்கான சரக்கு இருக்கிறது. செய்திகளில் அதற்கு இரண்டு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

ஒரு தரைப்பாலம் உயர்மட்டப் பாலமாகும் வழி

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆற்றின் குறுக்கே தரைப்பாலம். மழைக்காலத்தில் வெள்ளம் மேலேறிப் பாயும்; பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பல கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். உயர்மட்டப் பாலம் வேண்டும் என்று ஊர் கேட்கிறது.

முதல் கேள்வி, சாலை யாருடையது? ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதிய மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் எம்.எல்.ஏ. அந்தத் துறை அமைச்சருக்கு வினா அனுப்புகிறார். நம் பேரவையின் வினாக்களுக்கு ஒரு நிலைத்த வடிவம் உண்டு:

“(அ) இன்ன தொகுதி, இன்ன ஊராட்சியில் இன்ன ஆற்றின் குறுக்கே உயர்மட்டப் பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா? (ஆ) ஆம் எனில், எப்போது?”

கேள்வி சின்னது. ஆனால் இது பேரவைச் செயலகத்தில் ஏற்கப்பட்டவுடன் துறைக்குப் போகும்; துறைச் செயலகத்திலிருந்து தலைமைப் பொறியாளருக்கும், அங்கிருந்து கோட்டப் பொறியாளருக்கும் இறங்கும். அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்பதால், ஒரு மாவட்டப் பொறியாளர் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த கோப்பைத் தேடி எடுத்தாக வேண்டும். பொதுமக்கள் கொடுக்கும் மனுவுக்கு இந்த வேகம் கிடைப்பதில்லை. எம்.எல்.ஏ.வின் கையில் இருக்கும் மிக வலுவான கருவி இதுதான் என்று நான் கருதுகிறேன். அதை எத்தனை முறை எடுத்தார் என்பதை வைத்தே அவரை எடைபோட வேண்டும்.

வரும் பதிலைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அரசு மொழி மங்கலானதுபோல் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு சொற்றொடரும் கோப்பு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

1. “அத்தகைய கருத்துரு எதுவும் அரசின் பரிசீலனையில் இல்லை.” மாவட்டத்திலிருந்து திட்டமே மேலே போகவில்லை என்று பொருள். (ஆ) பகுதிக்கு “வினா எழவில்லை” என்று பதில் வரும். இனி வேலை சென்னையில் இல்லை; உள்ளூர்ப் பொறியாளர் அலுவலகத்தில் ஆய்வு செய்யச் சொல்லி மதிப்பீடு தயாரிக்க வைக்க வேண்டும்.

2. “கருத்துரு பெறப்பட்டுப் பரிசீலனையில் உள்ளது.” கோப்பு தலைமைச் செயலகத்துக்கு வந்துவிட்டது. துறைச் செயலாளரையோ அமைச்சரையோ பார்க்க வேண்டிய நேரம்.

3. “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.” தேவையை மறுக்கவில்லை, பணம் ஒதுக்கவும் இல்லை. பல கோரிக்கைகள் ஆண்டுக்கணக்கில் நிற்பது இந்த வரியில்தான்.

4. “இந்த நிதியாண்டில் பணி எடுத்துக்கொள்ளப்படும்.” இது உறுதிமொழி. இதை அமைச்சர் சொல்லிவிட்டால் விஷயம் இன்னொரு குழுவின் கைக்குப் போகிறது. அதைக் கீழே பார்ப்போம்.

எழுத்து வடிவப் பதில் வாசிக்கப்பட்டதும் உறுப்பினர் துணை வினா கேட்கலாம். இங்கேதான் தொகுதியோடு அவருக்கு உள்ள தொடர்பு வெளிப்படும். வெள்ளத்தில் எத்தனை நாள் போக்குவரத்து நின்றது, சுற்றுப்பாதை எவ்வளவு தூரம், எந்தெந்த ஊர்கள் துண்டிக்கப்படுகின்றன என்ற விவரம் கையில் இருந்தால் ‘தேவை எழவில்லை’ என்று அமைச்சரால் சொல்ல முடியாது. விவரம் இல்லாதவர் பெரும்பாலும் அமைச்சரைப் பாராட்டிவிட்டு அமர்ந்துவிடுகிறார். அந்த விவரங்களை ஊர்தான் கொடுக்க வேண்டும்.

பணம் எப்போது முடிவாகிறது?

மாநில பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். 2025இல் மார்ச் 14 அன்று நிதிநிலை அறிக்கையும், மறுநாள் வேளாண்மைக்கான தனி அறிக்கையும் தாக்கலாயின. அதன்பின் ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை விவாதம். அன்று துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்படும். உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். ஒரு சிறு தொகையைக் குறைக்கச் சொல்லும் அந்தத் தீர்மானத்தின் நோக்கம் பணத்தைக் குறைப்பதல்ல. ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டிப் பேசுவதற்கு வாய்ப்புப் பெறுவதே. விவாதத்தின் முடிவில் அமைச்சர் பதிலுரை அளித்து, புதிய அறிவிப்புகளைப் பட்டியலாக வாசிப்பார்.

தொகுதி மக்கள் காத்திருப்பது அந்தப் பட்டியலுக்குத்தான். ஆனால் அது அன்று காலையில் எழுதப்படுவதல்ல. துறைகள் மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டங்களைத் தொகுத்து, நிதித் துறையின் ஒப்புதலைப் பெற்றிருக்கும். பேரவையால் தொகையைக் கூட்ட முடியாது என்று மேலே சொன்னது இங்கே பொருந்துகிறது. விவாதத்தில் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், பட்டியலில் இல்லாத பாலத்தை ஒரு தீர்மானத்தால் உள்ளே நுழைத்துவிட முடியாது. ஆகவே ஏப்ரலில் கொடுக்கும் மனு பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கானது. அந்த ஆண்டே வேண்டும் என்றால் அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே, பாதிப்பு கண்ணுக்குத் தெரியும்போதே, மதிப்பீட்டுப் பணியைத் தொடங்கவைத்திருக்க வேண்டும்.

110ஆவது விதி பற்றியும் சொல்ல வேண்டும். பொது முக்கியத்துவம் வாய்ந்த ஒரு பொருள் குறித்து அமைச்சர் அறிக்கை அளிக்க இந்தப் பேரவை விதி இடம் தருகிறது. அறிக்கையின் மீது விவாதம் கிடையாது. ஆட்சிகள் மாறினாலும் முதலமைச்சர்கள் பெரிய திட்டங்களை இந்த விதியின் கீழ் அறிவிப்பது தொடர்கிறது. அறிவிப்பு விரைவாக வருவது நல்லதே. ஆனால் எவ்வளவு செலவு, எந்தத் தொகுதிக்கு, எப்போது முடியும் என்று அங்கேயே கேட்கும் வாய்ப்பு உறுப்பினருக்கு இல்லாமல் போவது தொகுதி மக்களுக்கு நேரும் இழப்பு.

மூன்று கோடி ரூபாய் பற்றி

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். இந்தப் பணம் எம்.எல்.ஏ.வின் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி அளிக்கிறார். துறைகளோ உள்ளாட்சிகளோ ஒப்பந்தப்புள்ளி கோரிச் செய்துமுடிக்கின்றன.

234 தொகுதிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 702 கோடி. மாநிலத்தின் 2025-26 வருவாய்ச் செலவு மதிப்பீடு 3.7 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதாவது ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு ரூபாய்கூட வராத ஒரு தொகையை வைத்துத்தான் நாம் எம்.எல்.ஏ.வின் வேலையை அளந்துகொண்டிருக்கிறோம். மீதி ரூபாயில் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதில் அவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் வாக்கும் உண்டு. நிழற்குடையில் பெயர் எழுதுவது எளிது. பொதுப்பணித் துறையின் செலவில் தன் தொகுதிக்குரிய பங்கைக் கேட்டு வாங்குவது கடினம். அதற்குப் படிப்பும் உழைப்பும் தேவை.

சொன்னதைச் செய்தார்களா?

அவையில் அமைச்சர் அளித்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பது உறுதிமொழிக் குழுவின் வேலை. நாம் எடுத்துக்கொண்ட உதாரணத்தில், “இந்த நிதியாண்டில்” என்று சொன்ன பாலம் தொடங்கப்படவில்லை என்றால், துறை அலுவலர்கள் இந்தக் குழுவிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அமைச்சரின் ஒரு சொல் அவைக்குறிப்பில் ஏறுவதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். பொதுக்கூட்ட மேடையில் கொடுத்த வாக்குக்கு இப்படியொரு கணக்கு கேட்பவர் கிடையாது.

மனுக்கள் குழு இன்னொரு வகையில் பயனுள்ளது, எம்.எல்.ஏ. வேறு கட்சிக்காரர் என்று தயங்குபவர்களுக்குக் குறிப்பாக. இந்தக் குழு மாவட்டங்களுக்கு வரும் முன் பொதுமக்களிடமிருந்து மனுக்களைக் கோரி மாவட்ட நிர்வாகம் செய்திக் குறிப்பு வெளியிடும். எந்த மனுவையும் ஏற்றுவிட மாட்டார்கள். ஒரே துறை சார்ந்த ஒரே பிரச்சினை, அதுவும் நீண்ட காலமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். வழக்கில் உள்ளவை, வேலைவாய்ப்பு, பட்டா, முதியோர் ஓய்வூதியம், கடன், அரசு ஊழியர்களின் பணிக் குறைகள் ஆகியவை கூடாது. தனிப்பட்ட அந்தக் குறைகளுக்குத் திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டமே உரிய இடம்.

எம்.எல்.ஏ.வின் கையைக் கட்டும் மூன்று

1. கொறடா உத்தரவு. 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, 15 நாட்களுக்குள் கட்சி பொறுத்துக்கொள்ளாவிட்டால், உறுப்பினர் பதவி இழக்க நேரும். தொகுதிக்கு எதிரான ஒரு சட்டமுன்வடிவை அவர் விமர்சித்துப் பேச முடியும்; எதிர்த்து வாக்களிப்பது ஆபத்து. விலைக்கு வாங்கப்படுவதைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிப்படி வாக்களிப்பதையும் சேர்த்தே தடுத்துவிட்டது.

2. அமர்வு நாட்களின் குறைவு. இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது மட்டுமே 174ஆவது பிரிவின் கட்டாயம். அரசியலமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002இல், 70 உறுப்பினர்களுக்குக் குறையாத பேரவைகள் ஆண்டுக்குக் குறைந்தது 90 நாட்கள் கூட வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் பேரவை அண்மை ஆண்டுகளில் அந்த அளவை நெருங்கவில்லை. ஒரு நாள் குறைந்தால் ஒரு வினா நேரம் போகிறது. பேரவை கூடுவதே வீண்செலவு என்று சலித்துக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

3. காலியிடம். 2017 செப்டம்பர் 18 அன்று அதிமுகவின் 18 உறுப்பினர்களை அன்றைய பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் முதலில் இரு நீதிபதிகளும் மாறுபட்டனர். மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். இடைத்தேர்தல் 16 தொகுதிகளில் 2019 ஏப்ரல் 18 அன்றும், அரவக்குறிச்சியிலும் ஓட்டப்பிடாரத்திலும் மே 19 அன்றும்தான் நடந்தது. பெரம்பூர், ஆண்டிபட்டி, அரூர், குடியாத்தம் உள்ளிட்ட அந்தத் தொகுதிகளின் சார்பில் யாருமே இல்லாமல் இரண்டு பட்ஜெட்டுகள் நிறைவேறின. சட்டச் சண்டையைப் பற்றி அன்று நிறையப் பேசினோம். அந்த ஒன்றரை ஆண்டில் கேட்கப்படாமல் போன வினாக்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

தொகுதியில் இருப்பவர் செய்யக்கூடியது

தொகுதியின் அளவும் ஒரு சிக்கல்தான். 2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூரில் வாக்காளர்கள் 6 லட்சத்துக்கும் அதிகம். துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. இரு தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் அவையில் ஆளுக்கு ஒரே ஒரு வாக்குதான். பெரிய தொகுதியில் குவியும் மனுக்களுக்கு நடுவே உங்கள் மனு வினாவாக மாற வேண்டுமானால், அது வினாவாகும் வடிவத்திலேயே இருக்க வேண்டும். சாலையின் பெயர், அது எந்தத் துறையுடையது, இதற்கு முன் கொடுத்த மனுக்களின் தேதி, வந்த பதிலின் நகல் ஆகியவை ஒரே பக்கத்தில் இருந்தால், எம்.எல்.ஏ.வின் உதவியாளர் அதை அப்படியே வினாவாக எழுதி அனுப்பிவிடலாம்.

“சட்டமன்றத்தில் பேசினேன்” என்று உறுப்பினர் சொன்னால் எந்தத் தேதியில், வினாவிலா, மானிய விவாதத்திலா என்று கேளுங்கள். அவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. அமைச்சர் சொன்ன பதிலின் சரியான வாசகத்தை எடுத்து, அதே வாசகத்தை மேற்கோளிட்டு, பணி எந்த நிலையில் உள்ளது என்று துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலின் ஒரு நகல், அடுத்த கூட்டத்தொடருக்கு முன் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போய்ச் சேரட்டும். துணை வினாவுக்கு அதுவே அடிப்படையாகும்.